வீட்டோட மாப்பிள்ளை வேண்டாம் என்றவளுக்கு

கருவாட்டு வாசனையோடு உன் பெட்டி திரும்பி வந்துவிட்டது. கோட்டைப்பட்டினத்தில் டீக்கடை நூர்ஜஹான் அக்கா அதை ஒரு கட்டைப்பையில் போட்டு, அறந்தாங்கி வழியாகப் புதுக்கோட்டை வரும் பஸ்ஸில் கண்டக்டரிடம் ஒப்படைத்துவிட்டு எனக்குப் போன் செய்தார். பஸ் ஸ்டாண்டில் போய் வாங்கிக்கொண்டு கல்லூரிக்கு வந்து சேரும்வரை ஆட்டோ முழுக்க அந்த வாசனைதான். லேபில் நம் மேஜைமேல் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. ஒரு மனுஷி செத்துப்போனால் அவளுடைய பொருளைப் பார்த்ததும் நெஞ்சு கனிய வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். எனக்கு உன்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துத் திட்ட வேண்டும்போல் இருந்தது.

அக்கா போனில் சொன்னதை அப்படியே உனக்குச் சொல்கிறேன். "டீச்சர், இந்த மிஷினு காலையில ஒண்ணு சொல்லுது, மத்தியானம் ஒண்ணு சொல்லுது. காலையில நல்ல தண்ணிங்குது. நம்பி டீ போட்டா கரிக்குது. கடைக்கு வாரவுகள்லாம் கேலி பண்றாக. கோவிச்சுக்காதீங்க, நீங்களே வச்சுக்கங்க. அந்த டீச்சரு இருந்தாகன்னா என்னமாச்சும் சமாதானம் சொல்லுவாக."

சமாதானம் சொல்ல உன்னை விட்டால் ஆள் கிடையாது, அது வாஸ்தவம்தான். நான் சொன்னால் சண்டை மாதிரி இருக்கும்.

இந்தப் பக்கம் நம் துறைத்தலைவர் திங்கட்கிழமைவரை கெடு கொடுத்திருந்தார். "பாவம்மா அவுங்க, நல்லவுங்க. அதுக்காக ஓடாத சர்க்யூட்ட கட்டிக்கிட்டு அழ முடியுமா? கடையில விக்கிற சிப்ப வாங்கிப் போட்டு முடிங்க. இல்லேன்னா திங்கக்கிழமை இது ஏன் தப்பாக் காட்டுதுன்னு எனக்குக் காரணம் சொல்லுங்க" என்றார். காரணம் தெரியாவிட்டால் உன் டிசைன் பழைய இரும்போடு போய்விடும். கிராமத்துக் கிணறுகளுக்கென்று மேலும் செய்யவேண்டிய பெட்டிகள் எல்லாம் வேறு மாதிரி ஆகிவிடும். உன் பெயர் துறையில், நல்லவள் ஆனால் ஓடாத சர்க்யூட் போட்டவள் என்று நின்றுவிடும். இதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏனென்றால் அந்தச் சர்க்யூட் ஓடாது என்று முதலில் சொன்னவளே நான்தான். உன்னிடம் சொன்னேன். உன்னிடம் சொல்வது வேறு, ஊரெல்லாம் சொல்வது வேறு.

முதன்முதலில் நாம் அந்தக் கிணற்றுக்குப் போன நாள் ஞாபகம் இருக்கிறதா? பனைமரங்களுக்கு நடுவில் கிணறு, எதிரே அக்காவின் டீக்கடை, அதற்கு அப்பால் கடல். கரண்ட் கம்பி அந்தப் பக்கமே கிடையாது. கடல் உள்ளே ஏறுகிற சமயத்தில் கிணற்றுத் தண்ணீர் உப்பாகிவிடுகிறது, எப்போது ஆகும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. குடத்தை நிரப்பி வீட்டுக்குக் கொண்டுபோன பிறகுதான் தெரிகிறது. கிணற்றுக்குள் ஒரு கம்பியை இறக்கி, மேலே ஒரு பெட்டியை வைத்து, உப்பு எவ்வளவு என்று ஒரு நம்பர் காட்டினால் போதும் என்பதுதான் வேலை. சோலார் தகடு வைக்கலாம் என்றேன். "வச்சா அதுமேல கருவாடு காயப் போடுவாகடி" என்று நீ சொன்னதைக் கேட்டு அக்காவே சிரித்துவிட்டார். "போடத்தான் செய்வோம். நல்ல சூடு ஏறும்ல" என்றார்.

ஆகவே பட்டன் பேட்டரி. வாட்ச்சில் போடுகிற அளவு. அது வருஷக்கணக்கில் வர வேண்டும் என்றாய். அங்கே வந்து பேட்டரி மாற்ற யாருக்கும் பொழுது இருக்காது என்பது உன் கணக்கு. அந்த ஒரு பிடிவாதத்திலிருந்துதான் மற்ற எல்லாம் வந்தது.

பெட்டி எப்படி எண்ணும் என்று அக்காவுக்கு நீ விளக்கிய விதத்தை நான் வகுப்பில் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன், உன் பெயரைச் சொல்லாமல். அவரே ஒரு டீ கிளாஸை எடுத்துக் கொடுத்தார். குடத்தைச் சாய்த்து மெல்லிய கம்பியாகத் தண்ணீரை அதில் விழவிட்டாய். "அக்கா, கெணத்துக்குள்ள இருக்க கம்பி உப்பு கூடுனா கூடுதலா கரண்ட அனுப்பும், கொறஞ்சா கொறைச்சலா அனுப்பும். பெட்டிக்கு இந்தக் கூடுதல் கொறைச்சல்லாம் தெரியாது. அதுக்கு நம்பர்தான் தெரியும். இப்பப் பாருங்க, கிளாஸ்ல இந்தக் கோட்ட தாண்டுனா ஒரு ஸ்பூன் எடுத்துக் கொட்டிருவேன். தாண்டலேன்னா சும்மா இருப்பேன். எத்தன ஸ்பூன் கொட்டுனேன்னு எண்ணிக்கிட்டா போதும். தண்ணி வேகமா விழுந்தா ஸ்பூன் கூடும், மெதுவா விழுந்தா கொறையும். அந்த எண்ணிக்கைதான் நம்பர்."

அக்கா கேட்டார்: "இதுக்காம்மா காலேஜுல போயி படிச்சீக?"

கிளாஸ் என்பது கப்பாசிட்டர். தண்ணீர் விழுகிற ஒல்லி வழி ரெசிஸ்டர். கோட்டைத் தாண்டியதா என்று கேட்கிற ஆளும், ஸ்பூனால் எடுக்கிற ஆளும் அந்தச் சின்ன கண்ட்ரோலர் சிப்புக்குள்ளேயே இருக்கிறார்கள். வெளியே இருப்பது எல்லாம் தானாக எதுவும் தின்னாத உறுப்புகள். பேட்டரியைத் தொடாமல் சும்மா கிடக்கும். அனலாக்கை டிஜிட்டலாக மாற்றுகிற வேலையை இவ்வளவு ஏழ்மையாகச் செய்ய முடியும் என்று புத்தகத்தில் நானும் படித்திருக்கிறேன். ஆனால் அதைப் பனங்காட்டுக் கிணற்றுமேட்டில் உப்புக்காற்றில் தொங்கவிடுவாள் ஒருத்தி என்று நினைக்கவில்லை.

கம்பி அனுப்புகிற கொஞ்சக் கரண்டைத் தாங்கிப் பெருக்கிக் கொடுக்க ஒரு ஆம்ப்ளிஃபயர் வை என்றேன். அந்தக் கிளாஸ் ரொம்ப நோஞ்சான், பக்கத்தில் யாராவது மூச்சு விட்டாலும் அளவு மாறும், ஒரு ஆம்ப் வைத்துத் தாங்கிக்கொள் என்றேன். அன்றைக்கு ஆரம்பித்தது நம் சண்டை.

"ஆம்புங்கறது வீட்டோட மாப்பிள்ளைடி" என்றாய். "வேலை இருந்தாலும் இல்லாட்டியும் மூணு வேளையும் ஒக்காந்து திங்கும். நம்ம வீட்டுக்கு வேணாம்."

ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் எங்கள் வீட்டோடு இருக்கிறவர் என்பது தெரிந்துதான் சொன்னாய். அதற்குப் பிறகு அவரை எங்கே பார்த்தாலும், "என்ன ஆம்ப், சௌக்கியமா?" என்பாய். அவரும் கோபித்துக்கொள்ளாமல், "லோடு கொஞ்சம் ஜாஸ்தி மேடம்" என்று என்னைக் கைகாட்டுவார். எனக்குத்தான் எரியும். சர்க்யூட்டைப் பற்றி நான் நியாயமாக ஒரு கேள்வி கேட்டால் நீ என் வீட்டுக்காரரை இழுத்து அதைச் சிரிப்பாக்கிவிடுவாய். உன்னோடு வாதாடி ஜெயிக்க முடியாததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

போர்டை நீயே செய்தாய். வெளியே கொடுத்துச் செய்தால் நாளாகும் என்று லேபிலேயே செம்புத் தகட்டை அரித்து எடுத்தாய். மேலே உறுப்புகள், பின்பக்கம் வெறும் செம்புக் கோடுகள். கடையில் வருகிற போர்டுக்கு உள்ள பச்சைப் பூச்சு இதற்குக் கிடையாது. கப்பாசிட்டரின் ஒரு கால் போய்ச் சேருகிற இடத்தை மட்டும் யாரையும் தொடவிட மாட்டாய். அதற்கு நீ வைத்த பெயர் 'அந்தப் புள்ளி'. "அந்தப் புள்ளியில வேர்வைக் கை பட்டாக்கூட கசியும்" என்பாய். நான் ஒருமுறை போர்டை ஓரத்தில் பிடிக்காமல் நடுவில் பிடித்துவிட்டேன் என்று, மாணவர்கள் இருக்கிறார்கள் என்றும் பார்க்காமல் என் கையிலிருந்து பிடுங்கினாய். அன்றைக்கு நான் உன்னோடு சாப்பிட வரவில்லை.

பெட்டி கிணற்றுமேட்டுக்குப் போனது ஐப்பசியில். மழை பிடித்ததும் தொல்லையும் பிடித்துக்கொண்டது. காலையில் அது சொல்வது பொய். வெயில் ஏற ஏற நிஜம் பேச ஆரம்பிக்கும். மத்தியானம் கையில் வேறு மீட்டரை வைத்துச் சோதித்தால் துல்லியமாக இருக்கும். பெட்டியைக் கழற்றி இங்கே கொண்டுவந்தால் ஒரு தப்பும் கிடையாது. நம் லேபுக்குப் பின்னால் இருக்கிற மொட்டைப் பாறை வெயிலில் கொதிக்கிற கொதிப்பில் எந்தத் தப்பு நிற்கும்? காரணம் வெளியே தெரியாமல், கண்ணெதிரே வந்து வந்து ஒளிந்துகொள்கிற தப்பு மாதிரி மனுஷரைப் பைத்தியமாக்குவது வேறு இல்லை. எத்தனை முறை கொண்டுவந்தோம், எத்தனை முறை கொண்டுபோனோம்!

நான் குளிர் என்றேன். பெட்டியை ஹாஸ்டல் ஃப்ரிட்ஜில் வைத்துப் பார்த்தாய், சரியாகவே காட்டியது. வார்டன் அதைப் பால் பாக்கெட்டுக்குப் பக்கத்திலிருந்து எடுத்து வந்து உன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நான் பேட்டரி என்றேன். மாற்றினாய். "கசியுதுடி. எங்கேயோ கசியுது. எங்கேன்னுதான் தெரியல" என்று நீ சொல்லிக்கொண்டே இருந்தாய். உன் கண் கப்பாசிட்டர் மேலேயே இருந்தது. அதற்குச் சாக்கெட் வைத்திருந்ததால் மேலிருந்தே பிடுங்கி, ஒன்று மாற்றி ஒன்று போட்டுப் பார்த்தாய். கிளாஸை மாற்றிக்கொண்டே இருந்தாயே தவிர, போர்டைப் பெட்டியிலிருந்து கழற்றி முதுகைத் திருப்பிப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. அடி ஸ்க்ரூக்கள் உப்புக்காற்றில் துருவேறி இறுகிவிட்டன. பலமாகத் திருகினால் போர்டு விரிசல் விடும் என்று இருவருமே விட்டுவிட்டோம்.

மார்கழியில் ஒரு நாள் அதிகாலை அக்கா வீட்டிலேயே இருந்து பார்த்தோம். விடியும்போது பெட்டி தேன் மாதிரித் தண்ணீர் என்றது. வாயில் வைத்தால் கடல். நீ குடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டாய். திரும்பும்போது பஸ்ஸில் நான் சும்மா இருக்கவில்லை.

"ஒரே ஒரு ஆம்ப். வச்சுப் பாக்குறதுல என்ன கொறஞ்சு போச்சு ஒனக்கு?"

"வச்சா சரியாயிரும்."

"அப்பறம் என்ன?"

"சரியாயிருச்சுன்னா எதுனால தப்பா இருந்துச்சுன்னு கடைசி வரைக்கும் தெரியாதுல்ல."

"தெரிஞ்சு என்ன பண்ணப் போற? அந்த அக்காவுக்கு நல்ல தண்ணி வேணும். ஒனக்கு வெளக்கம் வேணும்."

"எனக்கு ரெண்டும் வேணும்டி. பேட்டரியும் வேணும்."

முன் சீட்டில் இருந்த பெரியவர் திரும்பி, "தாயி, அறந்தாங்கி வந்துருச்சு. மிச்சத்த எறங்கிப் போடுங்க" என்றார். நாம் இறங்கி, மிச்சத்தையும் போட்டோம்.

தை பிறந்து கொஞ்ச நாளில் உனக்குக் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் என்றாய். பிறகு திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் பார்க்க வருகிறேன் என்றதற்கு, "எதுக்குடி இங்கிட்டு அலையிற, நானே வாரேன்" என்றாய். குரல் இறங்கியிருந்தது. போனை வைக்கும் முன் சொன்னாய்: "நான் இல்லாத நேரமா பாத்து ஆம்ப வச்சிராத. நான் வந்து பாத்துக்கிறேன்."

வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றவள் வரவில்லை.

ஆவூரில் உங்கள் மாதா கோயில் கல்லறையில் உன்னை வைத்தபோது என் வீட்டுக்காரர் ஒரு ஓரமாக நின்று தேம்பித் தேம்பி அழுதார். நான் அழவில்லை. உன் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்களப் பத்தித்தான் சொல்லிக்கிட்டே இருப்பா. ஒரே சண்டையாமே ரெண்டு பேருக்கும்?" என்றார். ஆமாம் என்றேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததையெல்லாம் உனக்குச் சொல்ல வேண்டும். ஆம்ப் வைக்கவில்லை. வைத்துவிட்டால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும் என்று தெரிந்தும் வைக்கவில்லை. நீ சொன்ன ஒரு வார்த்தைக்காகப் பங்குனி, சித்திரை முழுக்கக் கோட்டைப்பட்டினத்துக்கும் புதுக்கோட்டைக்குமாகத் தனியாக அலைந்தேன். மழை போய்விட்டது, ஆனால் கடலோரத்தில் விடியற்காலை ஈரம் போகவில்லை, பொய்யும் போகவில்லை. துறையில் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். எனக்கு நம்பிக்கை இல்லாத ஒரு டிசைனுக்கு நான் வக்கீலாக நின்றேன். நீ இருந்தபோது எனக்கு அந்தத் தலைவலி இல்லை. நீ பைத்தியக்காரத்தனமாக எதையாவது பிடித்துக்கொள்வாய், நான் எதிர்த்துப் பேசினால் போதும். இப்போது இரண்டு பேர் வேலையையும் என் தலையில் போட்டுவிட்டுப் போய்விட்டாய்.

அந்தக் கடுப்போடுதான் இந்த முறை பெட்டியைத் திறந்தேன். துருவேறிய ஸ்க்ரூ வழக்கம்போல் முரண்டு பிடித்தது. மெதுவாகத் திருக வேண்டும் என்றெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. குறடை எடுத்துத் தலையைக் கடித்துப் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கினேன். போர்டின் ஒரு மூலை பட்டென்று உடைந்து கையோடு வந்தது. போ, உன் சர்க்யூட்டுக்கு இதுதான் கதி என்று வாய்விட்டுச் சொன்னேன். லேபில் ஆள் இல்லை, நல்லவேளை. மிச்சத்தையும் பிடுங்கி மேஜைமேல் கவிழ்த்தேன்.

பின்பக்கம் ஒரு பொட்டு இருந்தது.

சந்தனம், அதன்மேல் குங்குமம். ஈரம் ஏறி ஏறி, காய்ந்து காய்ந்து, ஓரம் பழுப்பாகப் படர்ந்திருந்தது. கப்பாசிட்டர் கால் வந்து சேரும் கோட்டையும் பக்கத்திலுள்ள கோட்டையும் சேர்த்து மூடிக்கொண்டு, சரியாக அந்தப் புள்ளியின்மேல்.

அப்புறம்தான் ஆயுத பூஜை ஞாபகம் வந்தது. வருஷா வருஷம் லேபில் சந்தனக் கிண்ணத்தை நீதான் எடுத்துக்கொள்வாய். "மேடம், நீங்க சர்ச்சுக்குப் போறவுங்க, நான் வைக்கிறேனே" என்று ஒருமுறை நம் அட்டெண்டர் கேட்டார். "கிறிஸ்மஸுக்கு எங்க வீட்டுல வந்து கேக்கு திங்கறப்ப நீங்க யோசிச்சீகளா?" என்றாய். அதிலிருந்து அது உன் வேலை. நீ பொட்டு வைத்த வருஷம் ஒரு மீட்டர்கூடப் பழுதாகவில்லை என்று உனக்குக் கைராசிக்காரி என்று பெயர் வேறு. போன வருஷம் ஆஸிலோஸ்கோப், பவர் சப்ளை, சால்டரிங் அயர்ன் என்று ஒன்று விடாமல் வைத்துக்கொண்டே வந்தாய். அப்போதுதான் முடித்திருந்த அந்தப் போர்டை எடுத்து, "புள்ளைக்கும் ஒண்ணு வைக்கணும்ல" என்றாய். "முன்னாடி வச்சா பார்ட்ஸ் மேல படும். முதுகுல வச்சு விடுறேன்."

எனக்கும் அப்போது உறைக்கவில்லை. பொரி தின்றுகொண்டிருந்தேன். யாருக்கு உறைக்கும்? வேர்வைக் கை படக்கூடாது என்று என் கையிலிருந்து பிடுங்கியவள், ஈரச் சந்தனத்தையும் குங்குமத்தையும் குழைத்து அதே இடத்தில் வைப்பாள் என்று எந்தப் புத்திசாலிக்குத் தோன்றும்? குங்குமம் என்பது மஞ்சளும் சுண்ணாம்பும். காய்ந்திருக்கிறவரை அது பாட்டுக்குக் கிடக்கும். காற்றில் ஈரம் ஏறினால் மின்சாரத்துக்கு வழி விட்டுவிடும். கிளாஸில் ஓட்டை. ஸ்பூன் எண்ணிக்கை குறையும், உப்பும் குறைந்ததாகத் தெரியும். விடியற்காலை ஈரத்தில் பொய், வெயிலில் நிஜம், நம் பாறைச் சூட்டில் சத்தியவந்தன். இத்தனை மாதமும் நாம் தேடியது நீ ஆசீர்வாதம் செய்த இடம்தான். பாவி, பாவி என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். சிரிப்பும் வந்தது. எவ்வளவு சிரித்தேன் என்று வெட்கமாக இருக்கிறது.

அப்புறம் விளக்கைக் கிட்டே இழுத்துப் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. பொட்டின் ஓரம்தான் படர்ந்திருந்தது. நடுவில் உன் மோதிர விரலின் ரேகை அப்படியே பதிந்திருந்தது.

இதற்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று நீயே சொல். பொட்டுதான் காரணம் என்று காட்ட வேண்டும் என்றால், முதலில் அது இருக்கும்போது ஈரத்தில் வைத்துத் தப்பைப் பிடிக்க வேண்டும். பிறகு அதைத் துடைத்துவிட்டு, அதே ஈரத்தில் சரியாக ஓடுவதைக் காட்ட வேண்டும். துடைக்காமல் நிரூபிக்க முடியாது. ஈரத் துணியைச் சுற்றி வைத்தேன். நம்பர் இறங்கியது. உலர்த்தினேன், ஏறியது. மறுபடியும் ஈரத் துணி, மறுபடியும் இறங்கியது. தேவைக்கு மேலேயே செய்தேன். ஒவ்வொரு முறையும் இன்னொரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன். போட்டோ எடுத்தேன். அதில் ரேகை விழவில்லை. காவி நிறத்தில் ஒரு கறை தெரிகிறது, அவ்வளவுதான். வேறு கோணத்தில் எடுத்தேன். அதுவும் அப்படித்தான்.

வீட்டுக்காரருக்குப் போன் செய்து சொன்னேன். அவர், "மேடம் இருந்தா என்ன சொல்லுவாங்க?" என்று கேட்டார். நீ என்ன சொல்லுவாய் என்பதில் எனக்குச் சந்தேகம் ஒன்றும் இல்லை. போர்டைப் பிடுங்கி நீயே துடைத்திருப்பாய்.

ஸ்பிரிட்டைத் தொட்டு, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். சந்தன வாசனை ஒரு தடவை எழும்பி அடங்கியது. அழுகை அப்போது வந்தது. போர்டின்மேல் விழுந்துவிடப் போகிறது என்று தள்ளி நின்று அழுதேன், அதுவும் உப்புத் தண்ணீர்தானே. உடைந்த மூலையில் நல்லவேளையாகக் கோடு எதுவும் ஓடவில்லை. துடைத்துக் காயவைத்து, ஈரத் துணியைச் சுற்றிக் காத்திருந்தேன். நம்பர் அசையவில்லை. சாயங்காலம்வரை பார்த்தேன். அசையவே இல்லை. நீ போட்ட கணக்கு முழுக்கச் சரி.

ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன். அன்றைக்கே ஆம்ப் வைத்திருந்தால் உன் பொட்டு ஒன்றும் செய்திருக்காது. அந்த வகையில் நான் சொன்னதும் சரிதான். இதை நீ ஒத்துக்கொண்டே ஆக வேண்டும். ஒத்துக்கொண்டு, "ஆனா பேட்டரி?" என்று உடனே ஆரம்பிப்பாய்.

திங்கட்கிழமை துறைத்தலைவரிடம் காரணத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "குங்குமமா?" என்றார். இரண்டு முறை கேட்டார். அப்புறம் பழக்கதோஷத்தில், "எதுக்கும் ஒரு ஆம்ப் வச்சிருவோமேம்மா, சேஃப்டிக்கு" என்றார். சரியாக நான் உன்னிடம் சொன்ன அதே யோசனை. நான் பேச ஆரம்பித்தேன். சும்மா இருக்கும்போதும் தின்கிற உறுப்பு எதற்கு, பேட்டரி மாற்ற அந்தக் கிணற்றுமேட்டுக்கு யார் போவது, தப்பு எதனால் என்று தெரிந்த பிறகும் அதை மூடி மறைக்க ஒரு ஆள் வேண்டுமா என்று மூச்சு விடாமல் பேசினேன். "சரிம்மா, சரிம்மா" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். உன் டிசைன் நிற்கிறது. மற்ற கிணறுகளுக்கும் அதையே செய்யச் சொல்லிவிட்டார்.

பெட்டி மறுபடி கோட்டைப்பட்டினம் போய்விட்டது. அக்கா பேசினார். "இப்பக் காலையிலயும் உப்புன்னு கரெக்டா சொல்லுது டீச்சர். நல்லதுதான். ஆனா இப்ப நல்ல தண்ணிக்கு அந்தக் கோடிக் கெணத்துக்கு நடக்க வேண்டியிருக்கு. முந்தி தெரியாமயாச்சும் இங்கிட்டே மொண்டுக்கிட்டு இருந்தோம்." உண்மையைக் கண்டுபிடித்ததற்கு நமக்குக் கிடைத்த பாராட்டு இது.

புதுப் போர்டுகளை நான்தான் வரைகிறேன். இந்த முறை வெளியே கொடுத்துப் பச்சைப் பூச்சோடு வாங்குகிறோம். அந்தப் புள்ளியைச் சுற்றி வேலி மாதிரி ஒரு காவல் கோடு ஓடவிட்டிருக்கிறேன். முதுகுப்பக்கம் ஒரு மூலையில், எந்தக் கோடும் கிட்டே வராதபடி, ஒரு வட்டம் போட்டிருக்கிறேன். துறைத்தலைவர் படத்தைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு எடம் ஏம்மா சும்மா கெடக்கு?" என்று கேட்டார். ஆயுத பூஜைக்கு சார் என்றேன். பொட்டு வைக்க வேண்டாம் என்று லேபில் யாரிடமும் சொல்ல முடியாது, வைக்கிறவர்கள் வைக்கத்தான் செய்வார்கள். ஆகவே வைக்க ஒரு இடம் இருக்கட்டும். மோதிர விரல் அளவுக்குத்தான் வரைந்திருக்கிறேன்.

எல்லாம் சரியாகிவிட்டது. இனி நான் நிம்மதியாக இருக்க வேண்டும். இல்லை. தப்பு அகப்படாமல் இருந்தவரை உன்னோடு சண்டை முடியாமல் இருந்தது. பஸ்ஸில் போகும்போதெல்லாம் உன்னிடம் ஏதாவது கேட்டுக்கொண்டு, நீ என்ன சொல்லுவாய் என்று யோசித்துக்கொண்டு, அதற்கு மேலே ஒன்று சொல்லிக்கொண்டு போவேன். கோபப்படச் சர்க்யூட் இருந்தது, உப்பு இருந்தது, துருப்பிடித்த ஸ்க்ரூ இருந்தது. இப்போது சர்க்யூட் ஓடுகிறது. கோபம் மட்டும் குறையவில்லை. அது அவ்வளவும் நீ திருச்சியிலிருந்து திரும்பி வராததன்மேல் இருந்த கோபம் என்று இப்போதுதான் தெரிகிறது. அதைத் துடைத்து எடுக்க எங்கேயும் வழி இல்லை. வைத்துக்கொண்டுதான் தினமும் கல்லூரிக்குப் போய்வருகிறேன்.